எண்ணிக்கையில் அடங்கும் மனம்

உடற்பயிற்சி உடலுக்கு நல்லது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பயிற்சி முறை சிந்தனையைத் தெளிவாக்கும், புதியன படைக்கும் ஆற்றலையும் வளர்க்கும் என்று சொல்லப்படும்போது, அது எந்த வழியில், எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க வேண்டியதாகிறது. பிலாட்டீஸ் பயிற்சியைப் பற்றி இப்போது அப்படித்தான் பேசப்படுகிறது. பயிற்சிக்கூடங்களின் விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு, அம்முறை உருவான விதத்தையும் அதில் நடப்பதையும் கவனித்தால், தெளிவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சரி என்றும், படைப்பாற்றலைப் பற்றிய பேச்சு சற்றே அவசரம் என்றும் தோன்றுகிறது.

ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், ஆஸ்துமாவும் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயும் வாதக் காய்ச்சலும் வாட்டிய சிறுவனாக வளர்ந்தவர். அந்த உடலைத் தாமே திருத்திக்கொள்ளும் பிடிவாதத்தில்தான் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை எனப் பலவற்றையும் பழகினார். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்த அவர், பகைநாட்டுக் குடிமகன் என்பதால் சிறைவைக்கப்பட்டு மேன் தீவின் நாக்கலோ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உடனிருந்த கைதிகளுக்குப் பயிற்சி அளித்தபடியே தம் முறையை அவர் அங்கு செப்பம் செய்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. 1926இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் தம் வாழ்க்கைத் துணை கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்திய அவர், தம் முறையைக் ‘கான்ட்ராலஜி’ என்றே அழைத்தார்: உடலின் ஒவ்வோர் அசைவையும் மனம் அறிந்து, மனத்தின் ஆணைக்கு உட்பட்டே நடத்தப் பழகுவது என்பது அதன் பொருள். வியர்வையைவிடக் கவனத்தையே முதன்மையாகக் கேட்ட பயிற்சி என்பதால், மனத்தைப் பற்றிய பேச்சு இதில் பிற்காலத்தார் ஒட்டவைத்தது அன்று.

1945இல் வெளியான அவரது நூலில் பாயில் செய்யும் 34 பயிற்சிகள் உள்ளன. முதலாவதன் பெயர் ‘நூறு’. மல்லாந்து படுத்து, தலையையும் தோள்களையும் பாயிலிருந்து உயர்த்தி, நீட்டிய கால்களைத் தரையிலிருந்து சிறிது தூக்கி, விலாவை ஒட்டி நீட்டிய கைகளைச் சிறு வீச்சில் மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சு உள்ளே, ஐந்து அசைவுக்கு மூச்சு வெளியே, இப்படிப் பத்துச் சுற்று. கேட்பதற்கு எளிது. பழக்கமில்லாதவர்க்குச் சில சுற்றுகளுக்குள் வயிற்றுத் தசை தளர்ந்து, பாரம் கழுத்துக்கு ஏறிவிடும். கழுத்தைக் கவனித்தால் இடுப்புக்கு மேலே முதுகு வளைந்து பாயைவிட்டு எழும். முதுகைத் திருத்தினால் மூச்சு தவறும். மூச்சைப் பிடித்தால் எண்ணிக்கை போய்விடும். காலையில் அலுவலகத்தில் கேட்ட வசைச்சொல் இந்த நிலையில் மனத்துக்குள் நுழைய இடமே கிடைப்பதில்லை.

இதற்கு உளவியல் தரும் விளக்கம் செயல்நினைவு என்ற கருத்தில் இருக்கிறது. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்குத் தேவையான செய்திகளைச் சிறிது நேரம் கைவசம் வைத்திருக்கும் ஆற்றலே செயல்நினைவு. அது ஒரே நேரத்தில் சில பொருள்களை மட்டுமே தாங்கும். கவலையும் மனக்குறையும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான், மனம் உளையும்போது எளிய கணக்கும் தவறுகிறது, எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரியும் வர மறுக்கிறது. எண்ணிக்கை, மூச்சு, வயிறு, கழுத்து ஆகிய நான்கும் அந்த இடத்தை நிரப்பும்போது பழைய குடியிருப்பாளர்கள் தற்காலிகமாகவேனும் வெளியேற வேண்டியிருக்கிறது. இதனுடன், நீட்டி வெளிவிடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிப்பதும் சேர்ந்துகொள்கிறது. தெளிவு என்று பயிற்சி செய்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அதில் மாயம் ஏதும் இல்லை.

படைப்பாற்றல் வேறு கதை. பிலாட்டீஸ் அமெரிக்கா சென்ற அதே 1926இல் ஆங்கிலேயரான கிரஹாம் வாலஸ் வெளியிட்ட நூல், படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தது: சிக்கலை எல்லாப் பக்கமும் ஆராயும் ஆயத்தம், அதை இறக்கிவைத்துவிட்டு வேறொன்றில் ஈடுபடும் அடைகாத்தல், விடை சட்டென்று பளிச்சிடும் தருணம், அவ்விடையைச் சரிபார்த்தல். இவற்றுள் உடற்பயிற்சிக்கு இடமிருப்பது இரண்டாவது கட்டத்தில். ஆனால் அடைகாக்கும் நேரத்தில் எதைச் செய்கிறோம் என்பதும் முக்கியம் என்று 2012இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாக ஆய்வாளர்கள் காட்டினர். ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு நடுவே, கடினமான வேலை செய்தவர்களையும் சும்மா ஓய்ந்திருந்தவர்களையும்விட, மனம் அலைவதற்கு இடம் கொடுக்கும் எளிய வேலை செய்தவர்களே, முன்பு பார்த்த கேள்விகளுக்குத் திரும்ப வந்தபோது அதிகம் முன்னேறினார்கள். பிறகு இச்சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த முடிவை ஓரளவேனும் ஏற்றால் பிலாட்டீஸுக்கு ஒரு சங்கடம் எழுகிறது: முழுக் கவனத்தையும் கேட்கும் பயிற்சி, மனம் அலைய எங்கே இடம் கொடுக்கும்? எழுத்துக் கூட்டி எழுதும் பிள்ளைக்குக் கை வளைவதிலேயே கவனமெல்லாம் போய்விடுவதால் சொல்லவந்த செய்தி மறந்துபோவதைப் போல, புதிதாகப் பழகுபவர்க்குப் பாயின் மேல் புதுக் கருத்து எதுவும் உதிக்கப்போவதில்லை. அசைவுகள் உடலில் ஊறி, அடுத்தது எது என்று யோசிக்க வேண்டாத நிலை வந்த பிறகே மனத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அப்போதும் புதுக் கருத்து பெரும்பாலும் பயிற்சியின் நடுவில் வராமல், அது முடிந்து மனம் கட்டவிழும் நேரத்தில் வரும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். நடையைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பெஸோவும் ஷ்வார்ட்ஸும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலும், நடந்தவர்கள் மீண்டும் உட்கார்ந்த பின்னரும் கருத்துகள் பெருகும் நிலை சிறிது நேரம் நீடித்தது. அதே ஆய்வில், ஒரேயொரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வகைச் சிந்தனைக்கு நடை உதவவில்லை என்பது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

நியூயார்க் கூடத்துக்கு ஜார்ஜ் பாலன்சைன், மார்த்தா கிரஹாம் போன்ற பெரும் நடன அமைப்பாளர்களின் தொடர்பு இருந்ததைக் காட்டி, பிலாட்டீஸ் கலைஞர்களுக்குரிய பயிற்சி என்பாரும் உண்டு. நடனக் கலைஞர்கள் அங்கே பெரும்பாலும் சென்றது அடிபட்ட மூட்டைத் தேற்றவும் உடலை வலுப்படுத்தவும்தான். பாலன்சைனின் பள்ளி மாணவியாகக் கணுக்காலில் அடிபட்டு அங்கு போன ரொமானா கிரிஸனோவ்ஸ்காவே பிற்காலத்தில் அக்கூடத்தை நடத்தினார். வலி நீங்கிய உடலைக் கொண்டு கலைஞர் எதையும் படைக்கலாம். படைப்பு அந்த வலி நீக்கத்திலிருந்தே பிறந்தது என்று சொல்வது மிகை. பிலாட்டீஸைப் பற்றி நடந்துள்ள ஆய்வுகளிலும் மிகுதியானவை முதுகுவலி, உடற்சமநிலை போன்றவற்றையே அளந்தவை.

இதெல்லாம் யோகாசனத்தில் இல்லாததா என்று தமிழ் வாசகர் கேட்கக்கூடும். கவனத்தை மூச்சில் நிறுத்துவது இரண்டுக்கும் பொதுவே. ஆசனத்தில் பெரும்பாலும் ஒரு நிலையில் தங்குகிறோம், பிலாட்டீஸில் எண்ணிக்கையோடு ஓயாமல் அசைகிறோம் என்பதுதான் கண்ணில் படும் வேறுபாடு. ஆசனம் பழகியவர் அதை விட்டுவிட்டு இதற்கு வரவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தொடங்க விரும்புபவர்களில் எலும்புப்புரை நோயோ முதுகுத்தண்டில் வட்டு விலகலோ உள்ளவர்கள், முதுகை முன்னோக்கி வளைக்கும் ‘நூறு’ போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மற்றவர்களும் முதல் சில மாதங்களுக்குச் சிந்தனையைப் பற்றிய எதிர்பார்ப்பை ஒதுக்கிவைத்து, அசைவைச் சரியாகக் கற்றாலே போதும். அதன் பிறகு, பாயைச் சுருட்டிய கையோடு கைப்பேசியை எடுக்காமல், ஒரு தாளும் பேனாவுமாகக் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.