இந்தப் போர் தண்ணீர் எந்த மழையுடையது?

தருமபுரியில் எங்கள் அதியமான்கோட்டைப் பக்கம் போர் போடுவதென்றால் முதலில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து பார்ப்பவரைக் கூப்பிடுவார்கள். பிறகு ரிக் வண்டி வரும். புழுதி மட்டும் பறந்தால் இன்னும் நூறடி இறக்கச் சொல்வார்கள். யாரையும் குறை சொல்லமாட்டேன். கடன் வாங்கி நிற்பவனுக்கு ஏதாவது ஒரு தைரியம் வேண்டும்.

என் கேள்வி அரசிடம். ஏரியைத் தூர்வாரி, தடுப்பணை கட்டி, நிலத்தடி நீர் உயர்ந்தது என்று அறிவிக்கிறார்களே, ஏரித் தண்ணீர்தான் போருக்குள் போனது என்பதற்கு என்ன சாட்சி? நல்ல மழை பெய்த ஆண்டில் ஏரியே இல்லாத ஊரிலும் மட்டம் ஏறத்தான் செய்யும்.

சாட்சி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் நான். கொஞ்சம் பாடம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் அணுக்களில் ஏறக்குறைய 6,400-க்கு ஒன்று இரு மடங்கு எடையுள்ளது. அதுதான் 1931-இல் ஹெரால்ட் யூரே கண்டுபிடித்த டியூட்டீரியம். ஏரி வெயிலில் காயும்போது லேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு ஆவியாகும், கனமானவை பின்தங்கும். ஏரித் தண்ணீரில் ஏறிய அந்தக் கனம் மண்ணுக்குள் இறங்கினாலும் மறையாது. பக்கத்துப் போரில் அது தெரிந்தால் ஏரி ஊறுகிறது. தெரியாவிட்டால் தூர்வாரிய கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அளக்கும் கருவி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். துளித் தண்ணீரைச் சூடான குரோமியத்தின் மேல் விட்டால் ஆக்சிஜனை உலோகம் பிடித்துக்கொள்ளும்; ஹைட்ரஜன் வாயு மிஞ்சும். அதை மின்னேற்றிக் காந்தப்புலத்தில் செலுத்தினால் நிறை 2 உள்ள சாதாரண மூலக்கூறு அதிகம் வளையும், டியூட்டீரியம் கலந்த நிறை 3 குறைவாக வளையும். இரண்டையும் தனித்தனியே எண்ணி, வியன்னாவின் சர்வதேச அணுசக்தி முகமை வழங்கும் நியமத் தண்ணீரோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வார்கள். கனமான ஆக்சிஜனையும் கூடவே அளந்தால்தான் கனம் ஏரியில் ஏறியதா, மழையிலேயே வந்ததா என்று பிரிக்க முடியும்.

மழைக்கு மழை வித்தியாசம் உண்டே! வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையில் தென்மேற்கு மழையைவிட டியூட்டீரியம் பொதுவாகக் குறைவு. இரண்டும் பெய்யும் தருமபுரிக்கு இது பெரிய வசதி. எந்தப் பருவம் நம் போரை நிரப்புகிறது என்று தெரிந்தால், வரத்துக் கால்வாயை ஜூனுக்கு முன்பா, அக்டோபருக்கு முன்பா எப்போது சீர்செய்வது என்று சொல்லிவிடலாம்.

இங்கே தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடும் இருக்கிறது. காவிப் பல் தெரியாமலிருக்க வாயை மூடிச் சிரிக்கும் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்தினேன். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபின் குடிநீர்க் கவலை குறைந்தது. ஆனாலும் மாட்டுக்கும் வயலுக்கும் போர்தான். பாறையோடு நெடுநாள் கிடக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு கூடும். புது மழை எங்கே உள்ளே இறங்குகிறது என்று தெரியாமல் அதைத் தணிக்க முடியாது.

செய்துகாட்டிய இடம் இருக்கிறது. உத்தராகண்டின் கௌச்சர் பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் டியூட்டீரியம் போன்ற ஐசோடோப்புகளைக் கொண்டு ஊற்றுகளுக்கு எந்த உயரத்து மழை வருகிறது என்று கண்டார்கள். அங்கே நீர்ச்செறிவுக் கட்டமைப்புகள் அமைத்தபின் ஊற்றுகளில் தண்ணீர் கூடியது.

நமக்கு ஒன்றியத்துக்கு ஒரு கருவி வேண்டும் என்று கேட்கவில்லை. அதன் விலையும் பராமரிப்பும் அறிந்தவர் கேட்கமாட்டார். மாதிரியை நாம் எடுத்து, கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மழையைச் சேர்க்கும் கலத்தில் ஆவியாகாதபடி திரவ பாரஃபின், வாய்வரை நிரப்பி இறுக மூடிய சிறு பாட்டில், தேதி எழுதிய சீட்டு: பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். ஓராண்டு மழையையாவது இப்படிச் சேர்க்காமல், போர் தண்ணீரை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்ல வருபவரை மாவட்ட நிர்வாகம் திருப்பி அனுப்ப வேண்டும். வரும் ஜூனில் தொடங்கினால், அதற்கடுத்த கோடையில் தூர்வார மதிப்பீடு போடும்போது விடை கையில் இருக்கும்.