திரும்பி வாற வழி எங்க?

அப்டேட்டுக்குப் பிறகு பிரவுசர் வேலை செய்யாட்டில், "உங்களுக்குப் பாவிக்கத் தெரியேல்ல" எண்டு பழி எங்கட தலையில. 2019 மே 4இல் உலகம் முழுக்கப் பயர்பொக்ஸ் அட்-ஒன்கள் முடங்கின. மொசில்லாவின் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. பாவித்தவர்கள் என்ன பிழை விட்டார்கள்?

அதே மாதம் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, பழைய பதிப்புக்குத் திரும்பினால் புதுப் புரொஃபைல் தொடங்கச் சொல்லும். புக்மார்க், பாஸ்வேர்ட் ஒண்டும் அதில இராது.

அப்டேட்டை நிப்பாட்டச் சொல்லி நாங்கள் கேக்கேல்ல. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அது வேணும். ஆனா மூண்டு பேர் பங்குபோடுற ஒரே கொம்பியூட்டர், அசைன்மென்ட் குடுக்கிற நாளில மக்கர் பண்ணினால்? முன்னுக்குத் தள்ளுறவர்கள் எங்கட தரவோட திரும்பி வாற வழியையும் தரவேணும்.

அதுவரைக்கும் புக்மார்க்கையும் பாஸ்வேர்ட்டையும் வேற இடத்தில எடுத்து வைப்பம். பழியை மட்டும் ஏற்கமாட்டம்.