செக்கப்புக்கு ஜப்பானா, கொரியாவா?



அப்பா அம்மாவை முழு உடல் பரிசோதனைக்கு எந்த நாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அந்த நாடு எந்த நோயைத் தேடுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஜப்பானில் இதற்கு ‘நிங்கென் டாக்’ என்று பெயர். கப்பலைத் துறையில் ஏற்றிப் பழுது பார்ப்பதுபோல மனிதரைப் பார்ப்பது; 1954-இல் தொடங்கியது. (நாம் வண்டியை சர்வீஸுக்கு விடுவது என்போம்!) அங்கும் கொரியாவிலும் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். அதனால் கொரியாவில் 40 வயதிலிருந்தே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்யும் அரசுத் திட்டம் இருக்கிறது. அதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். குடும்பத்தில் அந்தப் புற்று இருந்திருந்தால் சியோல் போவதில் நியாயம் உண்டு.

நம் வீடுகளில் ஆளைச் சாய்ப்பது சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி-க்கு விமானம் ஏற வேண்டுமா?

ஏதாவது தென்பட்டால், சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அப்போது யார் கூட்டிப் போவது? போவதென்றால் உங்களில் ஒருவர் குடியிருக்கும் நாட்டுக்கே போங்கள். அறிக்கையை ஆங்கிலத்தில், ஸ்கேன் படங்களோடு கேட்டு வாங்குங்கள். நம் ஊர் டாக்டர் பார்க்க வேண்டுமே.

என் மகனும் பாங்காக் பேக்கேஜ் ஒன்றை அனுப்பினான். “நீ லீவில் வா, இங்கேயே சேர்ந்து போவோம்” என்றேன். டிசம்பரில் வருகிறான்.