டேனியல் பூனுக்கு வெடிமருந்து செய்து கொடுத்தவர் யார்?

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுமண்டபத்தில், தெற்கு வாசலுக்கு மேலே ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. 1826-27இல் என்ரிகோ காசிசி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கியது. ஒரு வெள்ளையர் ஒரு பூர்வகுடி வீரரோடு மோதுகிறார். இருவரின் காலடியில் இன்னொரு பூர்வகுடி செத்துக் கிடக்கிறார். அந்த வெள்ளையர்தான் டேனியல் பூன். கென்டக்கியைத் 'திறந்துவிட்டவர்' என்று அமெரிக்கப் பாடப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிய எல்லைப்புறக் குடியேறி, ஊர்ப்படைத் தளபதி. லயன், முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கும் இந்த உருவம் பழக்கமானதுதான்: தோல் சட்டை, நீளத் துப்பாக்கி, ஒற்றை ஆளாகக் காட்டை வெல்லும் வெள்ளை வீரர்.

பூனை ஒரு கொடூரன் என்று நிறுவுவது என் நோக்கமல்ல. அப்படி எழுதினால் வேலை எளிதாக முடிந்துவிடும். உண்மை மட்டும் தப்பித்துக்கொள்ளும். கிடைத்திருக்கும் பதிவுகளைப் பார்த்தால் அவர் பெரும்பாலும் நேர்மையான, அமைதியான, கடனில் மூழ்கிய ஏழை மனிதர். ஒரு ஒடுக்குமுறை அமைப்பு இத்தகைய மனிதரை வைத்து எப்படித் தன் வேலையை முடித்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

பூன் 1734இல் பென்சில்வேனியாவில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் வட கரோலைனாவுக்கு இடம்பெயர்ந்தது. 1755இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான பிராடக்கின் படையெடுப்பில் வண்டியோட்டியாகப் போனார். மான்தோல் விற்றுப் பிழைத்தார். மறுபுறம், 1763இல் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணை போட்டது: அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறக் கூடாது. அந்த ஆணையை மதிக்காதவர்கள் ஏழைக் குடியேறிகள் மட்டுமல்ல. ஜார்ஜ் வாஷிங்டன் போன்ற பெரும் நிலவுடைமையாளர்களும் மலைக்கு அந்தப்பக்கம் நிலத்தை வளைத்துப்போடக் காத்திருந்தார்கள்.  காட்டுக்குள் போக பூன் போன்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

1769 இறுதியில் கென்டக்கியில் வேட்டையாடிக்கொண்டிருந்த பூனையும் அவர் கூட்டாளியையும் ஷாவ்னி மக்கள் பிடித்தார்கள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த தோல்களைப் பறிமுதல் செய்து, திரும்பி வராதே என்று எச்சரித்து உயிரோடு அனுப்பினார்கள். அமெரிக்க வீரக்கதைகளில் இது 'செவ்விந்தியர் கொள்ளையடித்த' சம்பவம். ஷாவ்னிகளின் பக்கம் நின்று பாருங்கள்: தங்கள் வேட்டைக்காட்டில் அனுமதியின்றி நுழைந்தவனிடமிருந்து தங்கள் மான்களின் தோலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 'திருடன்' என்ற சொல்லை யார் மீது ஒட்டுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரே வரலாறு எழுதுகிறார்.

1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வணிகர், ஏறத்தாழ 2 கோடி ஏக்கரை 10 ஆயிரம் பவுண்டு மதிப்புள்ள பொருட்களுக்கு செரோக்கி தலைவர்களிடம் 'வாங்கினார்'. ஒப்புக்கொண்ட தலைவர்களில் ஒருவர் அத்தகுல்லகுல்லா. அவருடைய மகன் டிராகிங் கனூ அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து வெளியேறி, சாகும்வரை போராடினார். அதே நிலத்தில் காலங்காலமாக வேட்டையாடிய ஷாவ்னிகளை யாரும் கேட்கவே இல்லை. ஹெண்டர்சன் கூலிக்கு அமர்த்திய பூன், சுமார் 30 பேரோடு கம்பர்லேண்ட் கணவாய் வழியாகப் பாதை வெட்டினார். அதன் முடிவில் எழுந்த கோட்டைதான் பூன்ஸ்பரோ.

இந்தக் கதையில் வழக்கமாக விடுபடும் பெயர்களைச் சொல்ல வேண்டும். 1773இல் பூன் முதன்முறை குடும்பத்தோடு குடியேறப் புறப்பட்டபோது, வழியில் நடந்த தாக்குதலில் அவருடைய 16 வயது மகன் ஜேம்ஸ் கொல்லப்பட்டான். அந்தச் சாவு எல்லோருக்கும் தெரியும். அதே தாக்குதலில் சார்லஸ் என்ற கறுப்பின அடிமையும் செத்தார். ஆடம் என்ற இன்னொரு அடிமை ஒளிந்திருந்து நடந்ததையெல்லாம் பார்த்தார். 1775இல் பாதை வெட்டும்போது நடந்த தாக்குதலில் இறந்தவர்களில் சாம் என்ற அடிமையும் ஒருவர். இவர்கள் யாரும் நிலம் தேடிப் போனவர்கள் அல்ல, கொண்டுசெல்லப்பட்டவர்கள். 'தனியாளாகக் காட்டை வென்ற வீரர்' என்ற படிமம் நிற்க வேண்டுமானால், இவர்கள் படத்திலிருந்து வெட்டப்பட்டாக வேண்டும்.

மங்க் எஸ்டில் என்பவரின் கதை இன்னும் தெளிவானது. எஸ்டில் குடும்பத்தின் அடிமையான இவருக்கு, குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்து வெடிமருந்து செய்யத் தெரியும். பூன்ஸ்பரோவுக்கும் இவர் செய்த வெடிமருந்து போனது. 1782இல் வயாண்டாட் வீரர்களிடம் சிக்கியபோது, கோட்டையில் ஆள் பலம் அதிகம் என்று பொய் சொல்லி அங்கிருந்தவர்களைக் காப்பாற்றினார். அதைத் தொடர்ந்த சண்டையில் காயம்பட்ட ஒரு வெள்ளையரைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். அதன் பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. கென்டக்கியில் விடுதலை பெற்ற முதல் அடிமை என்று இவரைச் சொல்கிறார்கள். துப்பாக்கிக்கு உயிர் கொடுக்கும் மருந்தை ஒருவர் செய்யலாம். ஆனால் மனிதர் என்ற தகுதியை அடைய அவர் இத்தனையும் செய்து காட்ட வேண்டும்.

இங்கேதான் மிலிஷியா என்ற ஊர்ப்படையைப் பற்றிப் பேச வேண்டும். இன்றுவரை அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் 'ஆயுதம் ஏந்திய குடிமக்கள்' என்று பெருமை பேசுவது இந்த மரபைத்தான். அந்தக் குடிமக்கள் யார் என்பதை 1792ஆம் ஆண்டின் மிலிஷியா சட்டம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: 18 வயதிலிருந்து 45 வயதுக்குட்பட்ட, உடல் திடமுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண்கள். பூர்வகுடிகளைத் தாக்குவதும், தெற்கு மாநிலங்களில் தப்பியோடும் அடிமைகளைத் தேடிப் பிடிப்பதும் இத்தகைய படைகளின் அன்றாட வேலைகளாக இருந்தன. இந்தியாவில் ஏன் சமூகப் புரட்சி நடக்கவில்லை என்று கேட்டுக்கொண்ட அம்பேத்கர், 'சாதி ஒழிப்பு' நூலில் சொன்ன காரணங்களில் ஒன்று, சதுர்வர்ணம் கீழ்ச்சாதிகளின் கையில் ஆயுதம் இல்லாமல் செய்தது. கண்டங்கள் வேறு, ஏற்பாடு ஒன்றுதான். ஆயுதம் யார் கையில் என்பதைச் சட்டமோ சாத்திரமோ முடிவு செய்துவிட்டால், வீரம் யாருடையது என்பதும் சேர்ந்தே முடிவாகிவிடும்.

1778 பிப்ரவரியில் உப்புக் காய்ச்சப் போன இடத்தில் பூன் ஷாவ்னிகளிடம் பிடிபட்டார். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைக் கொல்லவில்லை. மகனாகத் தத்தெடுத்து 'பெரிய ஆமை' என்று பொருள்படும் ஷெல்டோவீ என்ற பெயர் வைத்தார். பகைவனையும் உறவாக ஏற்கும் வழி அந்தச் சமூகத்தில் இருந்தது. ஷாவ்னிகளை நான் புனிதர்களாக்கவில்லை. அவர்களும் சிறைபிடித்தார்கள், இளைஞர்களைக் கொன்றார்கள். ஆனால் பூன்ஸ்பரோவில் ஒரு ஷாவ்னி நுழைந்து வெள்ளையரின் மகனாக, சமமானவராக வாழ்ந்திருக்க முடியுமா? பூன் ஜூனில் தப்பி, சுமார் 260 கிலோமீட்டரை நான்கு நாட்களில் கடந்து கோட்டைக்கு வந்தார். செப்டம்பரில் பிளாக்ஃபிஷ் கோட்டையை முற்றுகையிட்டபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவர் பாம்பி என்ற கறுப்பர். முற்றுகையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1780இல் ஷாவ்னிகளின் சிலிக்கோத்தே ஊரையும் அதன் சோளக்காடுகளையும் அழித்த படையில் பூன் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரை மகனே என்று அழைத்த ஊர் அது.

1786இல் நடந்தது இன்னும் மோசம். முதிய ஷாவ்னி தலைவர் மொலுந்தா அதே ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்கர்களோடு சமாதான ஒப்பந்தம் செய்திருந்தார். கென்டக்கி ஊர்ப்படை வந்தபோது அமெரிக்கக் கொடியோடு நின்று சரணடைந்தார். ஹியூ மெக்கேரி என்ற அதிகாரி கோடரியால் அவரைக் கொன்றார். பூன் அந்தப் படையில் இருந்தார். மெக்கேரிக்குக் கிடைத்த தண்டனை, ஓராண்டு பதவி நீக்கம். ஒரு நல்ல மனிதர் உடன் இருந்தார் என்பதால் மொலுந்தா பிழைக்கவில்லை.

இத்தனைக்கும் பூனுக்கு என்ன கிடைத்தது? ஹெண்டர்சனின் ஒப்பந்தத்தை வர்ஜீனியா 1778இல் செல்லாது என்றது. ஹெண்டர்சன் தரப்புக்கு 2 லட்சம் ஏக்கர் ஈடு கிடைத்தது; பூனுக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் போனது. பிறகு அவர் உரிமை கோரிய நிலங்களும் வழக்கறிஞர்களிடமும் கடன்காரர்களிடமும் கரைந்தன. 1799இல் அன்று ஸ்பெயின் வசமிருந்த மிசூரிக்குப் போய்விட்டார். அங்கே கிடைத்த 850 ஏக்கரும் அமெரிக்கா அந்தப் பகுதியை வாங்கியதும் பறிபோய், 1814இல் நாடாளுமன்றம் தலையிட்டுத் திருப்பிக் கொடுத்தது. அதையும் கடனடைக்க விற்றார். 1820இல் இறந்தார்.

மேலிருப்பவர்களால் ஏமாற்றப்பட்ட இந்த மனிதர், தனக்குக் கீழே இருந்தவர்களோடு கைகோத்தாரா? இல்லை. 1787 வரிப்பதிவின்படி அவரிடம் 7 அடிமைகள் இருந்தார்கள். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். மேலே உள்ளவர் மிதிக்கும்போது வலித்தாலும், மிதிக்கத் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் ஏணியைக் காப்பாற்றிவிடுகிறது. வாஷிங்டன்களுக்கும் ஹெண்டர்சன்களுக்கும் தேவைப்பட்டது இந்த ஆறுதல்தான். 1790 கணக்கெடுப்பில் கென்டக்கியில் சுமார் 73 ஆயிரம் பேர். அவர்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். 'சுதந்திர மண்' ஒரு தலைமுறைக்குள் இப்படி ஆகியிருந்தது.

'அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள்' என்பார்கள். அந்தக் காலத்து அளவுகோலையே எடுப்போம். 1688லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் அடிமைமுறைக்கு எதிராக மனு எழுதினார்கள். 1776இல் பிலடெல்பியா குவேக்கர் சபை, உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கத் தடை விதித்தது. பூன் பிறந்தது இந்தப் பென்சில்வேனியக் குவேக்கர்களிடையேதான். கென்டக்கியிலேயே 1792இல் அரசமைப்பு எழுதப்பட்டபோது டேவிட் ரைஸ் என்ற மதபோதகர் அடிமைமுறைக்கு எதிராக வாதிட்டார், தோற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, மங்க் எஸ்டிலும் பாம்பியும் டிராகிங் கனூவும் மொலுந்தாவும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே? 'அந்தக் காலம்' என்றால் ஆண்டைகளின் கருத்து மட்டும்தான் என்று யார் சொன்னது?

1873இல் ஜோதிராவ் பூலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்க வரலாற்றில் யாரை உறவாகக் கொள்வது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஷாவ்னி மக்கள் தங்கள் மண்ணிலிருந்து துரத்தப்பட்டு இன்று ஓக்லஹோமாவில் மூன்று பழங்குடி அரசுகளாக வாழ்கிறார்கள். நாடாளுமன்ற மண்டபத்தில் கல் இன்னும் இருக்கிறது.

ஒரு வீரனின் கதையை அடுத்தமுறை படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த நிலம் அதற்கு முன் யாருடையது? அவர் கையில் ஆயுதம் கொடுத்த சட்டம் யாருக்கு அதை மறுத்தது? வெடிமருந்து செய்தவர் பெயர் என்ன? நம் ஊர்ச் சிலைகளின் முன் நின்றும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.