முகவரி வேண்டும்

வீட்டை விட்டு வழிச்செல்வோர் தம் சுற்றத்தோடு பிணைந்து வாழ இரண்டு வேண்டும். ஒன்று, ஒரு சொல் சொல்லியனுப்ப வேண்டுமென்னும் அன்பு. மற்றொன்று, அச்சொல் சென்று சேருமிடம். முதலாவது மலையகத் தமிழரிடத்து என்றும் குறைந்ததில்லை. இரண்டாவதோ பலருக்கு இன்னும் கிட்டவில்லை.

சத்திமுற்றப் புலவர் கதையை அறியாதார் யார்? வறுமையால் ஊர் நீங்கி மதுரையடைந்து, குளிரில் நடுங்கிய அவர், வானிற் பறந்த நாரையை விளித்துத் தம் மனைவிக்குத் தூது விடுத்தார். தம் துயரை மட்டும் அவர் கூறினாரல்லர், ஊரைக் கூறினார், மழையில் நனைந்த சுவரையுடைய கூரை வீட்டைக் கூறினார், அங்கே காத்திருப்பவளைக் கூறினார். பறவைக்கும் முகவரி வேண்டுமென்பதை அப்புலவர் அறிந்திருந்தார்.

நுவரெலியா, அட்டன் மலைச்சாரல்களிலும் நனைந்த சுவர்கள் உள. ஆனால், அச்சுவர்களுக்குள் வாழ்வோர் பலரின் வீட்டுக்கு எண்ணுமில்லை, பாதைக்குப் பெயருமில்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொது முகவரி. கடிதம் தோட்டக் கந்தோரை அடையும். பின்னர்க் கைமாறிக் கைமாறி லயத்துக்கு வரும். ஒரே பெயரினர் இருவராயின் பிறர் கையிற் சேர்தலும் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் பெற்று வாடி நின்ற மாணவரை நாம் கண்டிருக்கிறோம்.

இம்மக்களின் வரலாறே வழிநடை வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்தோருட் பலர் வழியிலேயே மாண்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எஞ்சியோர் வழித்தோன்றல்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. தமையன் அட்டனிலும் தம்பி நீலகிரியிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பலும் நின்றது. ஒருபுறம் முகவரி மாற, மறுபுறம் முகவரியே இல்லாதிருக்க, எத்தனையோ உறவுகள் கடிதத்தோடு அற்றுப்போயின.

இன்று கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாட்டு வீடுகளிலும் உழைப்போர் கைத்தொலைபேசியில் தாய்முகம் கண்டு பேசுகின்றனர். இது மகிழத்தக்கதே. ‘இனி முகவரி எதற்கு?’ என்று வினவுவாருமுளர். குரல் காற்றோடு கலந்துபோம். வங்கியும் பல்கலைக்கழகமும் நீதிமன்றமும் தாளிலே பேசுகின்றன. வேலை மாறினால் தொலைபேசி எண்ணும் மாறும். மாறாதிருக்க வேண்டியது வீடு ஒன்றே. எங்கு அலைந்தாலும் ‘இஃது என் வீடு’ என்று எழுதிக்காட்ட இயலாதவன், குடியுரிமை பெற்றும் பாதி வழிப்போக்கனே.

ஆதலின், அரசும் தோட்ட நிருவாகங்களும் தபால் திணைக்களமும் ஒன்றுகூடி, ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் எண்ணிட்டு, ஒவ்வொரு பாதைக்கும் பெயரிட்டு, கடிதத்தை உரியவர் வாயிலிலேயே சேர்த்தல் வேண்டும். இதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று, மனமே. காணியுரிமை, தனி வீடு என்னும் பெருங்கோரிக்கைகள் நிறைவேறுங்காறும் இச்சிறு பணியை ஒத்திவைத்தல் முறையாகாது.

வெளியூரில் வாழும் இளைஞர்க்கும் ஒரு சொல். தீபாவளிக்கு மட்டும் வீட்டை நினையாதீர். அம்முகவரி கிடைக்கும் நாளில் அதற்கு வரும் முதற் கடிதம், அன்னைக்கு நீவிர் கைப்பட எழுதியதாகுக.