ஆயிரம் மீற்றர் வீரம்

ஆல்பேர்ட்டாவில் இருக்கிற எங்கட நண்பன் ஒருத்தன் போன கிழமை கேட்டான்: "மச்சான், எல்க் மான் வேட்டைக்கு 5-25x56 ஸ்கோப் எடுக்கப்போறன். சரிதானே?" ஏன் அவ்வளவு பெரிசு எண்டால், யூடியூப்பில ஒராள் 900 மீற்றரில மானை விழுத்திக் காட்டினவராம்.

எங்களில ஒருத்தரும் வேட்டைக்குப் போனதில்லை. ஆனால் கண்ணாடிக் கணக்குப் போட வேட்டைக்காரனாக இருக்கத் தேவையில்லை. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் பிரியுங்கோ. 56ஐ 25ஆல் பிரித்தால் கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றை 2 மில்லிமீற்றர் சொச்சம். மைம்மல் பொழுதில இளம் ஆக்களின்ர கண்மணி 7 மில்லிமீற்றர் மட்டும் விரியும். எல்க் வெளியில வாறதே விடியவும் பொழுதுபடவும்தான். அதாவது, காசு குடுத்து வாங்கின அந்த 25 தேவைப்படுகிற நேரத்தில இருட்டாத்தான் தெரியும். 8இல் வைத்தால் வெளிச்சம் முழுக்கக் கிடைக்கும். பிறகென்னத்துக்கு 25? போதாததுக்கு, இந்த வகை ஸ்கோப்புகளில் பல ஒரு கிலோவுக்கு மேல. மலையேறித் தூக்கிறது கடைக்காரன் இல்லை.

"நல்ல ஸ்கோப் எண்டால் மிருகம் வேதனைப்படாமல் சாகும்" எண்டு ஒரு நியாயம் சொல்லுவினம். 200 மீற்றரில சரி. 900 மீற்றரில சன்னம் போய்ச்சேர ஒரு செக்கனுக்கு மேல எடுக்கும். அதுக்குள்ள மான் ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குப் போட்ட வெடி வயித்தில படும். மணிக்கு 15 கிலோமீற்றர் குறுக்குக் காத்து சன்னத்தை ஒரு மீற்றருக்கு மேல தள்ளிவிடும். ஸ்கோப்பின்ர குமிழைத் திருப்பித் திருத்தலாம்தான், ஆனால் பள்ளத்தாக்கின்ர நடுவில காத்து எப்பிடி அடிக்குது எண்டு எந்தக் குமிழுக்கும் தெரியாது. வயித்தில காயப்பட்ட மானைத் தேடி அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து போறதுக்குள்ள இருட்டிப்போகும். வீடியோவில அந்தப் பகுதி வராது.

இதை நாங்கள் மட்டும் சொல்லேல்லை. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிவைத்த பூன் அன்ட் குரோக்கெட் கழகம் வேட்டைக்காரரின்ர கழகம். எவ்வளவு தூரம் சுடலாம் எண்டு உயிருள்ள மிருகத்தில சோதிச்சுப் பாக்கிறது வேட்டையே இல்லை எண்டுதான் அவையளும் சொல்லுகினம். மிருகம் மணந்து, கேட்டு, பாத்துத் தப்பியோட ஒரு இடம் இருக்கவேணும். அந்தத் தூரத்தில சன்னம் வந்த பிறகுதான் சத்தமே வரும். சத்தம் கேக்க முதல் விழுகிறது எப்பிடியிருக்கும் எண்டு எங்கட ஊரில ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நண்பனுக்கு எழுதினது இதுதான்: 3-9x40 ஒண்டு வாங்கு, கண்ணாடி தெளிவா இருக்கோ எண்டு பொழுதுபடேக்க பாத்து வாங்கு. மிச்சக் காசுக்குச் சன்னம் வாங்கிச் சுட்டுப் பழகு. 300 மீற்றருக்கு அங்கால நிக்கிற மானை விடு, இல்லாட்டி நடந்து கிட்டப் போ.

அவன் இன்னும் முடிவெடுக்கேல்லை. 25க்கு இந்த மாசம் விலைக்கழிவாம்.