இருட்டுக்கும் சேர்த்துத்தான் சந்தா

"கதை நல்லா இருந்தா போன்ல பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கும்"னு சென்னை நண்பர்கள் சொல்றாங்க. ஃபைபர் லைன் வச்சிருக்கிறவங்க பேச்சு அது.

2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யை எடுத்துக்குங்க. பாட்டு கிடையாது, கிட்டத்தட்ட முழுப்படமும் ஒரே ராத்திரி. சத்யன் சூரியன் ஒளிப்பதிவுல இருட்டுக்குள்ளயே எத்தனை இருட்டு! இங்க தஞ்சாவூர்ப் பக்கம் எங்க கிராமத்துல எட்டு மணிக்கு மேல ஊரே போனைத் திறக்கும், சிக்னல் படுத்துடும். உடனே ஆப் படத்தோட தரத்தைக் குறைக்கும். முதல்ல அடிவாங்குறது அந்த இருட்டுதான். கருப்பெல்லாம் ஒண்ணாகி கட்டம் கட்டமா நிக்கும். அங்க நிக்கிறது ஆளா, மரமான்னு தெரியாது. த்ரில்லர்ல அதுதானய்யா படமே! நெஞ்சு படபடக்குற நேரத்துல வட்டம் சுத்தும்.

டவுன்லோட் பண்ணிக்கணுமாம். அதுக்கும் சிக்னல் வேணாமா?

சந்தா மட்டும் உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணு. கொள்முதல் நிலையத்துல எங்க நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு விதி. மழை பெஞ்ச வருஷம் தளர்வு கேட்டு டெல்லி வரைக்கும் மனு போகும். அவங்க அனுப்புற படத்துக்கு எந்த மீட்டர்? 4கே-ன்னா 2160 வரி. எனக்கு 480 வந்தா 480-க்கு உண்டான காசை மட்டும் வாங்கட்டும்.